மின்சாரக் கணக்கு தெரிந்தால் வீட்டுக்குப் பாதுகாப்பு



மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம் வோல்ட். ஓடும் அளவு ஆம்பியர். ஓட்டத்தைத் தடுப்பது ஓம். 1827-இல் இந்தக் கணக்கை நூலாகத் தந்த ஜெர்மானியர் ஓம், பள்ளி ஆசிரியராக இருந்தவர்.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை. பெருக்கினால் மின்திறன், அதுதான் வாட்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். தண்ணீர் சுட வைக்கும் கெட்டில் 10 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தடை 23 ஓம். திறன் 2,300 வாட். 5 ஆம்பியர் இழுக்கும் இஸ்திரிப் பெட்டிக்குத் தடை 46 ஓம். திறன் 1,150 வாட். தடை குறைந்தால் ஓட்டம் கூடுது, பார்த்தீர்களா?

காலையில் அவசரம். வேலைக்கும் போகணும், பிள்ளையின் சட்டையும் தேய்க்கணும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டிவிடுகிறோம். மொத்தம் 15 ஆம்பியர். பிளக்கில் உள்ள பியூஸோ 13-க்குத்தான். அது எரிந்தால் நம்மைக் காப்பாற்றியது என்று அர்த்தம். அந்த இடத்தில் ஆணியை வைத்தால், முதலில் சூடேறுவது வயர். பிறகு எரிவது வீடு.

ஆகவே பெற்றோர்களே, பரிசு வாங்கிய பிள்ளைக்கு இன்றே ஒரு வேலை கொடுங்கள். சாமான்களில் எழுதியிருக்கும் வாட்டைக் கூட்டி, 230-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். விடை 13-ஐத் தாண்டினால் ஒன்றைக் கழற்றிவிடுங்கள்.