பவுல் சண்டை போட்டது பந்தியில்

(கள்ளக்குறிச்சியில் மாணவர்கள், இயக்கத் தோழர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)



மனுசன் எதனால மீட்படைகிறான்? விசுவாசத்தாலா, கிரியையாலா? இந்தக் கேள்வியில் ஐரோப்பாவே உடைந்தது. 1517இல் லூத்தர் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்தார். காசு கட்டினால் மோட்சத்தில் வரவு வைக்கிற கணக்கு. வங்கியில கிளார்க்கா இருக்கிற எனக்கு அந்த லெட்ஜர் நல்லாவே புரியுது. விசுவாசம் மட்டும் போதும் என்றார் லூத்தர். கிரியையையும் கேட்ட யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்று ஒதுக்கினார். 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன்களும் கத்தோலிக்கரும், இதில் அடிப்படையில் ஒத்துப்போகிறோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அவங்க சண்டை ஓரளவு தீர்ந்தது. நம்ம சண்டை?

உளுந்தூர்பேட்டைப் பக்கம் எறையூர். செபமாலை மாதா கோவில். வன்னியக் கிறிஸ்தவர், தலித் கிறிஸ்தவர், எல்லாருக்கும் ஒரே ஞானஸ்நானம், ஒரே செபம். ஆனா செத்தா கல்லறை வேற, சவ வண்டி வேற, பொணம் போற பாதையும் வேற. தலித்துகள் தங்கள் சகாயமாதா கோவிலைத் தனிப் பங்காக்கக் கேட்டார்கள். 2008 மார்ச் 9இல் சேரி வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு வன்னியக் கிறிஸ்தவர்கள் செத்தார்கள். அந்த இரண்டு வீட்டு அழுகையும் அழுகைதான். அந்தச் சாவு எதைக் காப்பாத்த நடந்தது என்பதுதான் கேள்வி.

இங்கேதான் பவுலைத் திரும்பப் படிக்கணும். விசுவாசத்தால் நீதிமானாவது பற்றி கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் அவர் பேசத் தொடங்குவது எந்த இடத்தில்? பந்தியில்! அந்தியோக்கியாவில் பேதுரு புறவினத்தாரோடு உட்கார்ந்து சாப்பிட்டவர். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னாடியும் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். அந்த வாதத்தில் 'கிரியை' என்று அவர் மறுத்தது ஏழைக்குச் சோறு போடுவதை அல்ல. விருத்தசேதனம், சாப்பாட்டு விதி மாதிரி, ஒரு கூட்டத்தைப் பிரித்துக் காட்டுகிற அடையாளங்களை. ஜேம்ஸ் டன் போன்ற பைபிள் அறிஞர்கள் இப்படித்தான் வாசித்தார்கள். (யூதர்களைத் திட்ட இதை யாரும் எடுத்துக்க வேண்டாம். பவுலும் யூதர்தான்.)

அப்படிப் பார்த்தா நம்ம ஊர்ல அந்தக் 'கிரியை' எது? சாதிதான். தனிக் கல்லறையால், தனிப் பாதையால் தன்னை நீதிமானாக்கிக்கொள்கிறவன் கிறிஸ்துவை நம்பவில்லை, பிறப்பை நம்புகிறான். யாக்கோபின் நிருபமும் இதற்கு எதிரி இல்லை. பணக்காரனுக்கு நல்ல இடம், ஏழைக்குக் காலடி என்று உட்கார வைக்கிற சபையைத்தான் அது முதலில் கண்டிக்கிறது. அதற்கப்புறம்தான் விசுவாசம், கிரியை என்கிற பேச்சே வருது.

சீர்திருத்த சபைக்காரங்க தப்பிச்சுட்டதா நினைக்க வேண்டாம். 1833இல் பிஷப் வில்சன் சபைக்குள் சாதியை விடச் சொன்னபோது, தஞ்சாவூர் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையைத்தான் விட்டார்கள். வேதநாயகம் சாஸ்திரியாரும் அவர்கள் பக்கமே நின்றார். விசுவாசம் மட்டும் போதும் என்ற சபையில், அதோடு சாதியும் வேணும் என்றார்கள்.

அரசாங்கம் இன்னொரு வேதாந்தம் வைத்திருக்கிறது. 1950ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து மட்டும்தான் எஸ்.சி. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்ந்தார்கள். பழங்குடிக்கு இந்த மத நிபந்தனை கிடையாது. கல்வராயன் மலை மேல ஒரு மலையாளி வேதத்துக்கு வந்தாலும் எஸ்.டி.தான். கீழே நம்ம ஆளு ஞானஸ்நானம் வாங்கினா எஸ்.சி. இல்ல, பி.சி. அரசாங்கம் சொல்லுது: நீ விசுவாசிச்சிட்டே, உன் சாதி போச்சு. ஊர் சொல்லுது: நீ என்னதான் விசுவாசிச்சாலும் உன் சாதி போகாது. ரெண்டு பேரும் ஒரே ஆளைப் பார்த்துத்தான் பேசுறாங்க.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டது. நல்லது. எந்தப் பங்கில் இரண்டு கல்லறை இருக்கிறதோ, அந்தப் பங்கில் ஒரே கல்லறை ஆகும்வரை திருவிழா கிடையாது, தேர் கிடையாது என்று ஒவ்வொரு ஆயரும் எழுதிக் கொடுக்கட்டும். அதற்கு ரோமிலிருந்து உத்தரவு வரவேண்டியதில்லை.