அரை நூற்றாண்டு கழித்துத் தாயாகும் மீன்

பால்மரக் கன்றை நட்டால் ஆறேழு ஆண்டுகளில் பால் வெட்டத் தொடங்கிவிடலாம். இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் மரம் ஓய்ந்துவிடும். அதைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். அப்படி இரண்டு மரங்களின் காலம் கடந்த பிறகே தாயாகும் ஒரு மீன் கடலில் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? அதன் பெயர் சீலகாந்து.

இந்த மீன் இனத்தை அறிஞர்கள் முதலில் கல்லில்தான் கண்டார்கள். பாறைகளில் பதிந்து கிடந்த சுவடுகளை ஆராய்ந்தார்கள். டைனோசர் என்னும் பெரும் பிராணிகள் மறைந்தபோதே, அதாவது சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே, இதுவும் அழிந்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள்.

1938 டிசம்பரில் அந்த முடிவு பொய்யாயிற்று. தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்துக்கு ஒரு மீன்பிடிக் கப்பல் வந்தது. அவ்வூர்க் காட்சிசாலையின் பொறுப்பாளரான மார்ஜரி கோர்ட்னி லாட்டிமர் என்ற பெண்மணி, மீன் குவியலுக்குள் நீல நிறத் துடுப்பு ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். விலக்கிப் பார்த்தால், ஐந்தடி நீளமுள்ள விநோத மீன்! அதை வரைந்து, மீன்களை ஆராய்ந்துவந்த ஸ்மித் என்பவருக்கு அனுப்பினார். அழிந்ததாகக் கருதிய இனம் உயிரோடிருப்பதை உலகம் அறிந்தது.

நமது அண்டை நாடான இந்தோனேசியாவிலும் இந்த இனம் உண்டு. 1997இல் சுலாவேசித் தீவின் மனாடோ நகரச் சந்தையில் ஒன்று விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டு, ஒரு மீனவரின் வலையில் இன்னொன்று சிக்கியது. ஆப்பிரிக்க மீன் நீலம், இதுவோ பழுப்பு. 1999இல் இதைத் தனி வகையாக அறிவித்தார்கள். ஆனால் அங்குள்ள மீனவர்கள் அதற்கு முன்பே இதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்: 'ராஜா லாவுட்'. மலாய் அறிந்த உங்களுக்கு நான் பொருள் சொல்ல வேண்டியதில்லை. அறிஞர்களுக்குப் புதிய மீன், வலை வீசுகிறவர்களுக்குப் பழகிய மீனாக இருந்தது!

இந்தக் கடலரசனின் வாழ்க்கை எப்படிப்பட்டது? பத்துத் தென்னை மரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு உயரமோ, ஏறக்குறைய அவ்வளவு ஆழத்தில் பாறைக் குகைகள் உள்ளன. பகலில் அங்கே ஒதுங்கியிருக்கும். இரவில் வெளியே வந்து, நீரோட்டத்தோடு மெல்ல மிதந்து, மீனையும் கணவாயையும் பிடித்துத் தின்னும். இதன் துடுப்புகள் சதைப்பற்றுள்ள காம்புகளில் அமைந்தவை. நாற்கால் பிராணி நடப்பதுபோல அவற்றை மாற்றி மாற்றி அசைக்கும்.

இது முட்டையிட்டுவிட்டுப் போவதில்லை. முட்டைகள் தாயின் வயிற்றிலேயே பொரிந்து, குஞ்சுகளாகப் பிறக்கின்றன. 1991இல் மொசாம்பிக் நாட்டருகே பிடிபட்ட ஒரு தாய்மீனின் வயிற்றில் 26 குஞ்சுகள் இருந்தன.

மரத்தை அறுத்தால் வளையம் தெரிவதுபோல, மீன் செதிலிலும் வளையங்கள் உண்டு. முன்பு கண்ணுக்குத் தெரிந்த பெரிய வளையங்களை மட்டும் எண்ணி, இம்மீனின் ஆயுள் இருபது ஆண்டு என்றார்கள். 2021இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் சிறப்பு ஒளியின் உதவியால் இடையிலுள்ள மெல்லிய வளையங்களையும் எண்ணினார்கள். கணக்கே மாறிவிட்டது. இது நூறாண்டு வரை வாழக்கூடும். பெண்மீன் தாயாக ஐம்பது வயதுக்கு மேலாகும். குஞ்சைச் சுமப்பது ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள்!

இதில்தான் ஆபத்தும் இருக்கிறது. இதன் இறைச்சி எண்ணெய்ப் பசை மிகுந்தது. தின்றால் வயிற்றைக் கெடுக்கும். ஆகவே இதை யாரும் தேடிப் பிடிப்பதில்லை. சுறாவுக்காக ஆழத்தில் விரிக்கும் வலையில் தற்செயலாக மாட்டிக்கொள்கிறது. மேலே வந்தால் சில மணி நேரத்தில் இறந்துவிடுகிறது. நாற்பது வயது மீன் செத்தால், ஒரு குஞ்சும் ஈனாமலே அது போய்விட்டது என்று பொருள். அந்த இடத்தை நிரப்ப இன்னொரு மீன் வளர்ந்து தாயாக அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகும். இந்தோனேசியா இதைச் சட்டத்தால் காக்கிறது. ஆனால் வலைக்குச் சட்டம் தெரியாதே! இதன் குகைகள் உள்ள இடங்களில் அத்தகைய வலையை விரிக்காதிருப்பதே வழி.

நேயர்களே, சாய்த்த பால்மரத்துக்குப் பதிலாக மறுநடவு செய்ய நாற்றுமேடையில் கன்று இருக்கிறது. கடலரசனுக்கு நாற்றுமேடை கிடையாது. கடலில் இருப்பதுதான் விதை. இருப்பதைக் காப்பதுதான் நடவு.