ஊசி தேயட்டும், இசைத்தட்டு தேய வேண்டாம்



தாத்தா விட்டுச்சென்ற சாவி கொடுக்கும் கிராமபோன் பெட்டி இன்னும் சில வீடுகளில் அலமாரியின் மேல் இருக்கிறது. தீபாவளிக்கு உறவினர் கூடும்போது அதை இறக்கித் துடைத்து, பெட்டிக்குள் கிடந்த பழைய ஊசியையே மாட்டி, கைக்கு அகப்பட்ட தட்டைச் சுழல விடுகிறார்கள். பாட்டு வருகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால், அந்த மூன்று நிமிடத்தில் தட்டிலிருந்த குரலின் ஒரு பகுதி சுரண்டப்பட்டுத் தூளாகிப் போனது யாருக்கும் தெரிவதில்லை.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகள் அரக்கால் ஆனவை. புரசு, இலந்தை போன்ற மரங்களில் சிறு பூச்சிகள் சுரக்கும் அதே அரக்குதான். அதனுடன் கல்தூளையும் கரியையும் கலந்து தட்டுகளை அழுத்தி எடுத்தார்கள். கல்தூள் தட்டுக்கு உறுதி தந்தது. அதோடு, புது ஊசியின் முனையை முதல் சில சுற்றுகளிலேயே தேய்த்துப் பள்ளத்தின் வடிவுக்குக் கொண்டு வந்தது. அதாவது, தேய வேண்டியது ஊசி என்று முடிவு செய்தே இந்த ஏற்பாடு அமைந்தது.

ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஓடி முடிய ஏறத்தாழ மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் ஊசி 100 மீட்டருக்கும் அதிகமான தூரம் உரசிச் செல்கிறது. அதன் மேல் இருக்கும் ஒலிப்பெட்டியின் பாரமும் 100 கிராமுக்கு மேல். பாட்டு முடியும்போது முனையின் இருபுறமும் தட்டையாகி, ஊசி உளியைப் போல் ஆகிவிடும். அதையே அடுத்த தட்டில் வைத்தால் அது பள்ளத்தின் சுவரைச் செதுக்கும். அந்தச் சுவரில்தான் பாட்டு இருக்கிறது. ஓர் ஊசியை ஒரு முறை மட்டுமே பயன்படுத்துமாறு ஊசி டப்பாக்களிலேயே அச்சிட்டிருந்ததன் காரணம் இதுதான். புதிய எஃகு ஊசிகள் இன்றும் தயாராகின்றன. சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் இதுவல்ல.

ஊசியில் வகைகள் உண்டு. பருமனான ஊசி உரத்த ஒலி தரும், மெல்லிய ஊசி தணிந்த ஒலி தரும். வீட்டுக் கூடத்துக்கு நடுத்தரமானதோ மெல்லியதோ போதும். மூங்கிலில் செய்த ஊசியும் உண்டு. அதன் ஒலி மென்மையானது, முனையைச் சீவி மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால், உரத்த பாட்டில் சில வேளை பாதியிலேயே மழுங்கிவிடும். தையல் ஊசி, ஆணி போன்றவற்றை மாட்டவே கூடாது.

எந்தத் தட்டைப் போடலாம்?

1948இல் வந்த எல்பி தட்டுகளையும் 1949இல் வந்த 45 சுற்றுத் தட்டுகளையும் இந்தப் பெட்டியில் வைக்கவே கூடாது. அவை மென்மையான வினைல் தட்டுகள், பள்ளமும் மிகக் குறுகியது. எஃகு ஊசி ஒரே ஓட்டத்தில் அவற்றைக் கெடுத்துவிடும். கையில் எடுத்தால் கனமாக, வளையாமல் இருப்பது அரக்குத் தட்டு. இலேசாக வளைந்து கொடுப்பது வினைல்.

அரக்குத் தட்டிலும் வேறுபாடு உண்டு. மின்சார ஒலிப்பதிவு 1925இல் தொடங்கியது. அதற்கு முந்தைய தட்டுகள் பழைய குழல் பெட்டிகளுக்குப் பொருத்தமானவை. 1931இல் வந்த எச்எம்வி 102 கைப்பெட்டி போன்றவற்றில் 1930களின் தட்டுகள் நன்றாக ஒலிக்கும். இந்தியாவில் 78 சுற்றுத் தட்டுகள் 1960களிலும் வெளிவந்தன. 1950, 60களின் திரைப்பாடல் தட்டுகளைக் கனமான ஒலிப்பெட்டியின் கீழ் வைப்பதைவிட, 78க்கு உரிய ஊசி பொருத்திய மின்சாரக் கருவியில் கேட்பதே நல்லது.

தட்டைப் போடும் முன் வேகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தட்டுக்கு அடியில் சிறு காகிதத் துண்டின் நுனி வெளியே தெரியும்படி வைத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணினால் போதும். அழுக்கைத் துடைக்க ஸ்பிரிட் பயன்படுத்தக் கூடாது, அரக்கு அதில் கரைந்துவிடும். தட்டுகளை வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வைப்பது நல்லது.

மீண்டும் வராத குரல்

எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல், முப்பது வயதைக்கூட எட்டாமல் மறைந்தார். நாடக மேடையில் அவர் பாடியதைக் கேட்டவர்கள் இன்று இல்லை. எஞ்சியிருப்பது அவருடைய இசைத்தட்டுகள் மட்டுமே. அப்படிப்பட்ட தட்டு ஒன்று வீட்டில் இருந்தால், தேர்ந்தவரிடம் கொடுத்து முதலில் கணினியில் பதிவு செய்துகொள்ள வேண்டும். விழாவன்று சுழல விடுவதற்கு, பல பிரதிகள் கிடைக்கும் சாதாரணத் தட்டு ஒன்று போதும்.

தாத்தாவின் பெட்டியைப் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. அது பாடத்தான் வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு புது ஊசி மாற்றினால், பேரப்பிள்ளைகளும் அதே பாட்டைக் கேட்பார்கள்.