வழக்குப் போட யாருடைய உத்தரவு?



முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற முன்னாள் படைவீரர்களே, முதல் பேச்சு உங்களோடுதான். பட்டாளத்தைத் திட்டுவதற்காக இந்த மேடை போடவில்லை. 2021 டிசம்பர் 8-ஆம் தேதி சூலூரிலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் குன்னூர் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத்தோடு சேர்த்து 14 உயிர் போனது. மறுநாள் ஆம்புலன்ஸ்கள் மலையிறங்கிச் சூலூருக்கு வந்தபோது வழிநெடுக நின்று பூத் தூவினது நம் ஜனம்தான். நாளைக்கும் தூவுவோம்.

ஆனால் அதற்கு நான்கே நாள் முன்னால் இன்னொன்று நடந்தது. டிசம்பர் 4, சனிக்கிழமை. நாகாலாந்தில் மோன் மாவட்டம், ஓட்டிங் கிராமம். நிலக்கரி வெட்டப் போன பையன்கள், மறுநாள் ஞாயிறு ஆயிற்றே என்று ஒரு பிக்கப் வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். தீவிரவாதிகள் என்று நினைத்து ராணுவத்தின் சிறப்புப் படை சுட்டது. ஆறு பேர் செத்தார்கள். பையன்களைக் காணோமே என்று தேடிப்போன ஊர்க்காரர்களுக்கும் படைக்கும் மோதல். அதில் இன்னும் ஏழு பேர். ஒரு சிப்பாயும் செத்தார். ஆள் மாறிப் போய்விட்டது என்று உள்துறை அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார்.

அரசாங்கமே ஒத்துக்கொண்டாயிற்று. அப்புறம் என்ன நடந்திருக்க வேண்டும்? நாகாலாந்து போலீஸ் விசாரித்து, 2022-ல் ஒரு மேஜர் உட்பட 30 பேர் மேல் குற்றப்பத்திரிகை போட்டது. 2023-ல் மத்திய அரசு, வழக்கு நடத்த அனுமதி கிடையாது என்றது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை முடித்து வைத்தது. அனுமதி கிடைத்தால் அப்போது தொடரலாமாம்! சாட்சியைக் கூண்டில் ஏற்றவில்லை. குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ எந்த நீதிபதியும் சொல்லவில்லை. ஒரு அமைச்சகத்தின் கடிதத்தோடு சரி.

அந்தக் கடிதத்துக்கு இந்தப் பலம் எங்கிருந்து வந்தது? 1958-ஆம் வருஷத்து ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம், 6-ஆம் பிரிவு. இந்தச் சட்டத்தின் கீழ் செய்த காரியத்துக்காக, செய்ததாகச் சொல்லிக்கொள்ளும் காரியத்துக்காகவும், மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் யார் மேலும் கிரிமினல் வழக்கு, சிவில் வழக்கு, எதுவும் போட முடியாது. பம்புசெட் கருகிப் போனால் நீங்கள் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகிறீர்கள். போவதற்கு முன்னால் அந்தக் கம்பெனி முதலாளியிடமே அனுமதிக் கடுதாசி வாங்கி வா என்றால் சிரிக்க மாட்டீர்களா? ஆறாம் பிரிவு அதைத்தான் சொல்கிறது.

இந்தச் சட்டம் எந்தக் கருவில் பிறந்தது தெரியுங்களா? 1942 ஆகஸ்ட் 15-ல் வைஸ்ராய் லின்லித்கோ போட்ட அவசரச் சட்டத்தில். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தை ஒடுக்கப் போட்டது. அதே ஆகஸ்டில் நம் சிங்காநல்லூர்ப் பக்கம் போராட்டக்காரர்கள் ரயிலைக் கவிழ்த்தார்கள், சூலூர் விமான தளத்தை எரித்தார்கள். நம் தாத்தன்மார் மேல் பாய வைத்திருந்த துப்பாக்கிக்குப் பாதுகாப்பாக எழுதின வாசகத்தை, சுதந்திரம் வாங்கி பதினோரு வருஷம் கழித்து நாமே நகல் எடுத்து வைத்துக்கொண்டோம்.

வெள்ளைக்காரன் காலத்திலேயே ஒரு வேடிக்கை உண்டு. கல்கத்தா கிதர்பூர் கப்பல் பட்டறையில் சர்க்கார் ஆட்கள் இரும்பைத் தூக்கிப் போகையில், வண்டிக் குதிரை ஒன்று மிரண்டு காயம்பட்டது. கப்பல் கம்பெனிக்காரன் 350 ரூபாய் கேட்டு வழக்குப் போட்டான். 1861-ல் சர்க்கார் பதில் சொல்லத்தான் வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அதே தீர்ப்பில்தான், ஆட்சியதிகாரத்தில் செய்த காரியத்துக்கு வழக்கே கிடையாது என்ற கோடும் விழுந்தது. குதிரைக்கு ஒரு வழி, மனுஷனுக்கு வழி இல்லை!

இன்றைக்கும் பாருங்கள். ராணுவ லாரி அவிநாசி ரோட்டில் உங்களை இடித்துவிட்டால், மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நஷ்டஈடு எவ்வளவு என்று நீதிபதி சொல்வார். யார் அனுமதியும் வேண்டாம். மோனில் குண்டு பட்டால் டில்லி உத்தரவு வேண்டும்.

டில்லி உத்தரவு கொடுக்கிற லட்சணத்தையும் சொல்கிறேன். 2018 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் மாநிலங்களவையில் சொன்ன கணக்கு. ஜம்மு காஷ்மீரிலிருந்து 2001 முதல் வந்த 50 கோரிக்கைகளில் 47 மறுப்பு, 3 நிலுவை. ஒன்றே ஒன்றுக்குக்கூட அனுமதி இல்லை. ஐம்பதும் பொய் வழக்கா? இருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். அதைச் சொல்ல வேண்டியவர் யார், வழக்கின் எதிர்த்தரப்பா, நீதிபதியா?

அதே காஷ்மீரில் பத்ரிபால் என்ற ஊரில் 2000 மார்ச்சில் ராணுவத்தினர் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார்கள். சி.பி.ஐ. விசாரித்துக் கொலை என்றது. 2012-ல் உச்ச நீதிமன்றம், சாதாரணக் கோர்ட்டா ராணுவக் கோர்ட்டா என்று தேர்ந்துகொள்ள ராணுவத்துக்கே விட்டது. ராணுவம் தன் கோர்ட்டைத் தேர்ந்தது. 2014 ஜனவரியில் ஆதாரம் போதாது என்று கோப்பை மூடியது. அவ்வளவுதான்.

அனுமதி என்ற வேலி இல்லாவிட்டால் சிப்பாயின் கை நடுங்கும், பொய் வழக்கு குவியும் என்பார்கள். நியாயமான பயம்தான், நான் தள்ளவில்லை. ஆனால் சென்னையைப் பாருங்கள். 2011 ஜூலையில் ராணுவ அதிகாரிகள் குடியிருப்பில் பாதாம் காய் பொறுக்கப் புகுந்த 13 வயதுச் சிறுவனை ஓய்வு பெற்ற ஒரு லெப்டினன்ட் கர்னல் சுட்டார். நம் மாநிலப் போலீஸ் விசாரித்தது. அடுத்த வருஷமே செஷன்ஸ் கோர்ட்டு ஆயுள் தண்டனை கொடுத்தது. அவர் பணியில் இல்லை, அங்கே அந்தச் சட்டமும் இல்லை, சரி. அந்தத் தீர்ப்பால் எந்தச் சிப்பாயாவது எல்லையை விட்டு ஓடி வந்தாரா?

வேலியை எடுக்கச் சொல்லவில்லைங்க, வேலிக்குக் காவலை மாற்றுங்கள் என்கிறோம். வழக்குத் தகுமா தகாதா என்று ஒரு நீதிபதி பார்க்கட்டும், மூன்று மாதத்துக்குள் காரணம் எழுதிச் சொல்லட்டும். நஷ்டஈட்டுக்கோ அதுவும் வேண்டாம். காணாமல் போன இரண்டு மணிப்பூர்க்காரர்களின் மனைவிமாருக்கு ஆளுக்கு ஒரு லட்சம் கொடுக்கச் சொல்லி 1984-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பெண்கள் எந்த அமைச்சகத்தின் வாசலிலும் அனுமதிக்கு நிற்கவில்லை.

ஓட்டிங் மறுப்பை எதிர்த்து நாகாலாந்து அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நம் எம்.பி.க்கள் எங்கே போனார்கள்? அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வருகிறவரை, எந்தக் கட்சி என்று பார்க்காமல், 6-ஆம் பிரிவைத் திருத்த மசோதா கொண்டு வருவீங்களா மாட்டீங்களா என்று கேளுங்கள். அது நாகாலாந்துச் சமாச்சாரம் என்று நழுவினால், ஓட்டு நம் பீளமேட்டுச் சமாச்சாரம் என்று சொல்லி அனுப்புங்கள்.