வகுப்பறை தந்த நாடகங்கள்



தொலைக்காட்சி பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். அதன் தீமைகளை அடுக்குவேன் என்று தாங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நானோ என் தொழிலில் இருந்த ஒருவரைப் பற்றிக் கூற வந்துள்ளேன்.

லிண்டா ஸ்கைலர் அம்மையார் கனடாவின் டொராண்டோ நகரில் நடுநிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்தியவர். 1976-இல் கிட் ஹூட் என்பாருடன் கூடிப் படநிறுவனம் தொடங்கினார். 1979-இல் வெளிவந்த சிறு படம் ஒன்றில், ஒரு சிறுமி குப்பையைப் பற்றிப் படம் எடுக்கிறாள். நடுவர்களோ அதைப் போரைப் பற்றியதென்று கருதிப் பாராட்டுகின்றனர். உண்மையைச் சொல்வதா, பரிசைப் பெறுவதா? இவ்வளவே கதை. இதிலிருந்து வளர்ந்தவையே அந்நகரத் தெரு ஒன்றின் பெயர் தாங்கிய 'டிகிராசி' தொடர்கள்.

முப்பது வயதினர் புத்தகப் பையுடன் வருவதைத் திரையில் கண்டு பழகியவர்கள் நாம். அம்மையாரோ அந்தந்த வயதுப் பிள்ளைகளையே நடிக்க வைத்தார். அவர்களுள் பெரும்பாலோர் முன்பு நடித்தறியாதவர்கள். பயிற்சி அளித்தே மேடையேற்றினார். உரையாடல் தங்கள் பேச்சுப்போல் இல்லையெனில் அப்பிள்ளைகள் சொல்லலாம். ஆசிரியராக இருந்தவருக்கன்றோ இப்பொறுமை வாய்க்கும்!

1987-இல் தொடங்கிய 'டிகிராசி ஜூனியர் ஹை' தொடரில், ஸ்பைக் என்னும் 14 வயது மாணவி கருவுறுகிறாள். அப்பகுதிக்கு அவ்வாண்டு சர்வதேச எம்மி விருது கிடைத்தது. ஆயினும் விருதைவிட, அதன் பின்வந்ததையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு வாரத்தில் அழுது முடித்துவிடும் கதையன்று அது. அவள் பள்ளியில் இருத்தலாகாதெனப் பிற பெற்றோர் எதிர்க்க, அவள் வெளியேற நேர்கிறது. எந்தப் பிள்ளை வகுப்பில் அமரலாம் என்று அயலார் தீர்ப்பளிப்பது இந்த அவையினருக்குப் புதிய செய்தியன்று. தொடர் அவளைப் பழிக்கவுமில்லை, புனிதையாக்கவுமில்லை.

2001-இல் தொடங்கிய புதிய தொடரில் பரபரப்புச் சற்று மிகுதி என்பது என் கருத்து. எனினும் துணிவு குறையவில்லை. கருக்கலைப்புப் பற்றி 2004-இல் எடுத்த பகுதிகளை அமெரிக்க அலைவரிசை ஒன்று நிறுத்தி வைத்து, 2006-இல்தான் ஒளிபரப்பியது.

அப்புதிய தொடர் பிறந்தது ஓர் எளிய கணக்கால். ஸ்பைக் பெற்ற குழந்தைக்கு இப்போது என்ன வயதிருக்கும் என்று எண்ணிப் பார்த்தனர். எம்மா என்னும் அப்பெண், அதே டிகிராசிப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் காலடி வைத்தாள்.