குடித்த தம்ளரைக் கழுவிய பையன்கள்

வசதியான வீட்டுப் பையன்கள் கோடை முழுக்க ஓட்டல்களில் சும்மா பொழுதைக் கழிப்பது எர்னஸ்ட் பால்ச் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவருக்குப் பொறுக்கவில்லை. 1881-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஸ்குவாம் ஏரியில், ஒரு குட்டித் தீவுக்குச் சில பையன்களைக் கூட்டிப்போனார்.

வேலைக்காரர்களே கிடையாது. சமையல், பாத்திரம் துலக்குவது எல்லாம் பையன்கள்தான், முறைவைத்து! குடித்த தம்ளரைக்கூட நகர்த்தி வைத்திருக்க மாட்டார்கள் வீட்டில். அம்மாக்கள் பார்த்திருந்தால் மயக்கமே போட்டிருப்பார்கள்.

அமெரிக்கக் கோடை முகாம்களின் முன்னோடிகளில் ஒன்றான இந்தச் சோகோருவா முகாம், 1889-இல் நின்றுபோனது. மரங்களுக்கு நடுவே அவர்கள் கும்பிட்ட திறந்தவெளித் தேவாலயம் மட்டும் தங்கிவிட்டது. கோடை ஞாயிறுகளில் இன்றும் ஜனங்கள் படகேறி அங்கே வருகிறார்கள்.