சாவகத்து அடுக்களையிற் கற்றவை

(நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் வரலாற்றை இங்குள்ளார் பலரும் அறிவீர்கள். அமுதசுரபியைக் கையிலேந்திய அவன், சாவக நாட்டில் மழை பொய்த்து மக்கள் பசியால் வாடுகின்றனர் எனக் கேட்டு, அவர்க்கு உணவளிப்பான் கப்பலேறினான். இடையே மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு, அவ்வுடம்போடு அந்நாட்டைக் காணாமலே மாண்டான். அச்சாவகம் இற்றை யவத்தீவே என்பது அறிஞர் பலர் கொள்கை. சென்ற கோடை விடுமுறையில் யாம் குடும்பத்தோடு அத்தீவிற்குச் சென்றது உணவளித்தற்கன்று, உண்டு வருதற்கே.

சிங்கப்பூரில் தொழில் செய்யும் எம் தம்பி செலவை ஏற்றான். எம் மனைவியார், மக்கள் இருவர், 72 வயதுடைய அன்னையார் ஆகியோருடன் புறப்பட்டோம். 'இந்த வயதில் அம்மாவைக் காசிக்கன்றோ அழைத்துப் போக வேண்டும்?' என்று உறவினர் சிலர் வினவினர். அவர் வினாவில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் எம் தந்தையார் மறைந்த பின் ஈராண்டாக அன்னையார் அடுக்களைப் பக்கம் காலெடுத்து வைத்தாரல்லர். நாற்பது பேர்க்குத் தனியே சமைத்து இறக்கிய கை, ஒரு வேளைக் கஞ்சியோடு நின்றுவிட்டது. 'எதைத் தின்றால் என்னப்பா?' என்பதே எதற்கும் விடை. மருத்துவர் நோயொன்றும் இல்லையென்றார். அவரை வீட்டினின்றும் வெளியே கொணர்ந்தாற் போதும் என்பதே எம் எண்ணமாயிருந்தது.

வெளிநாடு செல்லும் நம்மவர் வழக்கம் ஒன்றுளது. புளியோதரைப் பொடி, ஊறுகாய், முறுக்கு என்று பெட்டியில் பாதியை நிரப்பிச் சென்று, அங்கே இறங்கியதும் 'இட்டிலி எங்கே கிடைக்கும்?' என்று தேடித் திரிவர். புலாலுணவு கொள்ளாதார்க்கு இந்த அச்சம் பொருந்துவதே. யவத்தீவிற் காரத் துவையல் பலவற்றில் இறால் விழுதைச் சேர்க்கின்றனர். வினவி உண்ணல் வேண்டும். ஆனால் வினவுதல் வேறு, வாயைக் கட்டிக்கொண்டு திரும்புதல் வேறு.

யோக்யகர்த்தா நகரில் ஓர் இல்லத்தின் ஒரு பகுதியை வாடகைக்குக் கொண்டு தங்கினோம். அருகே பிரம்பனான் என்னும் 9-ஆம் நூற்றாண்டுச் சிவன் கோயில் உளது. அதன் தென்புற அறையில் நிற்பவர் அகத்தியர்; வயிறு சற்றுப் பெருத்தே காண்கின்றது. வாதாபியைச் செரித்த வயிறன்றோ! எம் அன்னையார் அங்கே நெடுநேரம் நின்றார்.

மறுநாட் காலை வீட்டுடைய அம்மையார் தம் அடுக்களையிற் பலாப்பிஞ்சு நறுக்கிக்கொண்டிருந்தார். 'குடெக்' என்பது அந்நகரின் பெயர்பெற்ற கறி. பலாப்பிஞ்சைத் தேங்காய்ப்பாலிலிட்டு, தென்னை வெல்லம், கொத்துமல்லி விதை, உள்ளி, பூண்டு, பேரரத்தை ஆகியவை கூட்டி, மெல்லிய தீயிற் பல மணி நேரம் வேகவிடுகின்றனர். அடியிலே தேக்கிலை சேர்ப்பர். அதனாற் கறி செம்பழுப்பு நிறங்கொள்ளும். கடைகளில் இதனோடு மாட்டுத்தோலாற் செய்த ஒரு கூட்டும் கோழியும் பரிமாறுவராதலின், அவை வேண்டாவெனக் கூறிவிட வேண்டும். எமக்கு அவ்வம்மையார் பலாவும் சோறும் மட்டுமே தருவதாக ஒப்பினார்.

வாயிலில் நின்று பார்த்த எம் அன்னையார், தேக்கிலையைக் கண்டதும் உள்ளே சென்றார். தேக்கின் கொழுந்தைக் கசக்கினாற் கை சிவக்கும் என்பது நம் ஊர்ப் பிள்ளைகள் அறிந்த விளையாட்டு. அந்நிறம் கறிக்கும் உதவும் என்பது அவர்க்குப் புதிது. 'இந்த அம்மா அரத்தையைக் கறியிற் போடுகிறாளே! நாம் கஷாயத்துக்கல்லவா வைத்திருக்கிறோம்?' என்று எம்மை நோக்கி வியந்தார். ஈராண்டில் அவர் தாமே எழுப்பிய முதல் வினா அது.

அவர் மொழி இவர்க்குத் தெரியாது; இவர் மொழி அவர்க்குத் தெரியாது. அங்கே முதிய மகளிரை 'இபு' என்பர். அன்னை என்பது பொருள். இருவரும் ஒருவரையொருவர் அவ்வாறே அழைத்துக்கொண்டனர். அங்குள்ள அம்மி தட்டுப்போல் வட்டமாய்க் குழிந்தது, குழவியும் சிறிது. அதனை முன்னும் பின்னும் இழுத்தரைக்கும் எம் அன்னையார் கையைப் பிடித்து, அம்மையார் வட்டமாய்த் திருப்பிக் காட்டினார். எம் மனைவியாரும் மகளும் சுவடியில் அளவெழுத, யாமும் மகனும் தேங்காய் துருவினோம். இவ்வேலை ஆடவர்க்குரியதன்று என்பார் எவரேனும் இருப்பின், துருவலைப் பிழிந்து பார்த்துப் பின் பேசுக.

அன்று அன்னையார் இரண்டாம் முறை சோறு கேட்டார். இனிப்பு மிகுதியென்று குறையும் சொன்னார். குறை சொல்லுமளவிற்கு நாக்கு விழித்ததே எமக்குப் பெரிதாயிற்று.

அவ்வீட்டிற் கற்ற மற்றொன்று தெம்பே. சோயாவை ஊறவைத்துத் தோல் களைந்து, வேகவைத்து, ஈரம் போக உலர்த்தி ஆற்றி, உறைத்தூள் கலந்து வாழையிலையிற் பொதிந்து வைப்பர். ஏறக்குறைய 30 பாகை வெம்மையில், ஒன்றரை நாள் அளவில், வெண்பூஞ்சணம் படர்ந்து விதைகளை ஒரே கட்டியாகப் பிணைக்கும். பின்னர் அதனை வில்லைகளாக அரிந்து பொரிப்பர். புலாலுண்ணாதார்க்குப் புரதம் மிக்க நல்லுணவு. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொகுத்த 'செரத் செந்தினி' என்னும் சாவக நூலில் இதன் பெயர் காணப்படுகின்றது. நம் இட்டிலியின் புளிப்புமுறையே அத்தீவினின்று வந்திருக்கலாமென உணவு வரலாற்றறிஞர் கே. டி. ஆச்சயா கருதினார். அதற்குப் போதிய சான்றுண்டென எமக்குத் தோன்றவில்லை. எனினும் மாவுப் பானையைப் பொங்கவைக்கப் பழகிய பெண்டிர்க்குத் தெம்பே அயலானதன்று. 'இதுவும் பதம் பார்ப்பதுதானே!' என்று அன்னையார் ஒரு சொல்லில் முடித்தார்.

மஞ்சளும் புளியும் கூட்டிய பானம், அரிசியும் கச்சோலமும் அரைத்த பானம் முதலியவற்றைக் கூடையிற் சுமந்து விற்கும் மகளிரையும் கண்டோம். இவற்றை 'ஜமு' என்பர். 2023-இல் இவ்வழக்கத்தை யுனெஸ்கோ மானிடப் பண்பாட்டுச் செல்வமாகப் பட்டியலிற் சேர்த்தது. எம் மகன் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான்.

ஊர் திரும்பியபின் அன்னையார் குடெக்கை அவ்வாறே செய்தாரல்லர். வெல்லத்தைக் காற்பங்காகக் குறைத்து, மிளகு கூட்டி, பேரரத்தையை நாட்டுமருந்துக் கடையில் வாங்கிச் சிறிதளவே சேர்த்தார். சோயாவுக்கு மாறாகத் தட்டைப்பயற்றிலும் தெம்பே இட்டார். முதன்முறை உலர்த்தியது போதாமையாற் பிசுபிசுத்து நாறிற்று, எறிந்துவிட்டார். மூன்றாம் முறை வெண்மையாக இறுகி, காளான் மணம் பெற்றது. இப்பொழுது அடுக்களையில் உப்பைப் பற்றி மாமியார்க்கும் மருமகளுக்கும் மீண்டும் வழக்கு நடக்கின்றது. யாம் அதில் தலையிடுவதில்லை.

இன்று மாலைச் சிற்றுண்டியோடு வைத்திருக்கும் வாழையிலைப் பொதிகள் அவர் கையால் ஆனவை. உறைத்தூள் வேண்டுவோர் எம்மைக் கேட்பதிற் பயனில்லை, அன்னையாரையே கேட்க. முன் வரிசையில் இரண்டாவதாக அமர்ந்திருக்கின்றார்.